வேலை கேட்கும் படிப்பு

2025 ஜூலை 12ஆம் தேதி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 தேர்வை நடத்தியது. அறிவிப்பில் சொன்ன இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்ற இந்தப் பணிகளுக்கு அரசு கேட்கும் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். ஆனால் கடலூர் மாவட்டத்தில் எங்கள் புவனகிரியிலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் அன்று தேர்வு எழுதப் போனவர்களில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பெரும்பாலும் பட்டதாரிகள். பி.இ. முடித்த நெசவாளர் வீட்டுப் பையன் இருக்கிறான். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்து, கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுப் போன பெண்ணும் இருக்கிறாள்.

பட்டம் கேட்காத வேலையின் வாசலில் பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள். அரசு வேலைக்குப் பட்டம் அவசியமா, சம்பளத்தைப் படிப்பைப் பார்த்துக் கொடுப்பதா வேலையைப் பார்த்துக் கொடுப்பதா என்ற கேள்விகள் இன்று பல நாடுகளில் எழுந்திருக்கின்றன. பழைய எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து, அந்தப் பதவியிலேயே ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவைக்க ஆசைப்படுகிறேன்.

முதலில் எங்கள் பதவி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கிராமத்துக் கணக்கும் மணியமும் பரம்பரைச் சொத்தைப்போல இருந்தன. கணக்கு எழுதிய கர்ணத்தின் மகன் கர்ணம். மணியம் பார்த்த முன்சீபின் மகன் முன்சீப். ஊரிலுள்ள ஒவ்வொரு துண்டு நிலமும் யார் பெயரில் இருக்கிறது என்பது அந்தச் சில வீடுகளின் பெட்டிக்குள் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒழித்தது. மறு ஆண்டு அது சட்டமானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பழைய பதவிகளின் இடத்தில், தேர்வாணையம் தேர்வு வைத்து, எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர்களைக் கிராம நிர்வாக அலுவலராக எடுத்தது.

கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும், சேரியில் பிறந்த பிள்ளையும், தறிக்காரர் மகனும் ஊர்க் கணக்கைக் கையில் எடுத்த காலம் அது. ஊரின் பயிர்க் கணக்கான அடங்கலைப் பார்க்க மணியக்காரர் வீட்டுத் திண்ணை ஓரம் கைகட்டி நின்றவர்களின் பிள்ளைகள் அந்த அடங்கலை எழுதினார்கள். ஆகவே, ‘வேலைக்குப் படிப்பெல்லாம் எதற்கு’ என்று யாராவது எடுத்தெறிந்து பேசினால் எனக்கு ஒப்புதல் இல்லை. பிறப்பு அடைத்துவைத்த கதவைப் படிப்புதான் திறந்தது. ஆனால் அந்தக் கதவு, ஏழைப் பிள்ளையும் எட்டக்கூடிய உயரத்தில் இருந்ததால்தான் திறந்தது. அன்றைக்குப் பட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தால், கல்லூரிக்குப் போக வசதியிருந்த அதே சில வீடுகளே மறுபடியும் உள்ளே வந்திருக்கும். எவ்வளவு படிப்பைக் கேட்பது என்பது இதனால்தான் நியாயம் சம்பந்தப்பட்ட கேள்வியாகிறது.

அடுத்தது, வேலை எப்படிக் கற்கப்படுகிறது என்பது. பணியில் சேர்ந்தபோது எனக்குப் புலப்படம் பார்க்கத் தெரியாது. ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல் எதையும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. பயிற்சி கொஞ்சம் கற்றுத்தந்தது. மீதியை எனக்குக் கற்றுத்தந்தவர் கிராம உதவியாளராக இருந்த எங்கள் தலையாரி. பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாதவர். எந்தப் புல எண்ணில் எந்தக் கல் புதைந்து கிடக்கிறது, வெள்ளாற்றில் தண்ணீர் ஏறினால் எந்த வாய்க்கால் முதலில் உடைப்பெடுக்கும், எந்த வீட்டில் பாகத் தகராறு இருக்கிறது என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். அவரோடு வரப்பில் நடந்து நடந்துதான் நான் அலுவலர் ஆனேன்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கூரைகள் பறந்தன. 2015 மழையில் ஊர்கள் தண்ணீருக்குள் நின்றன. அந்த நாட்களில் சேதக் கணக்கு எடுப்பவனுக்கு வேண்டியது என்ன? ஊர் தெரிய வேண்டும். குத்தகைக்குப் பயிர் வைத்தவனை விட்டுவிட்டு, வெளியூரில் இருக்கும் நிலக்காரர் பெயரை மட்டும் எழுதிவிடாத நேர்மை வேண்டும். அழுதுகொண்டு நிற்பவரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். எழுத்துப் பிழையில்லாமல் ஓர் அறிக்கை எழுத வேண்டும். இவற்றை எந்தப் பட்டமும் உறுதி செய்வதில்லை. பட்டம் இல்லாதது தடுப்பதும் இல்லை.

தமிழ்நாட்டின் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச ராமானுஜன், எஃப்.ஏ. என்ற அந்நாளைய கல்லூரி இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லாத அவருக்கு 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகம் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கொடுத்தது. மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அந்த இரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் காகிதத்துக்கு அப்பால் ஆளைப் பார்த்தார்கள். மேதைகளுக்கு விதியைத் தளர்த்தலாம். ஆனால் சாதாரணத் திறமையும் நல்ல உழைப்பும் உள்ள லட்சக்கணக்கானவர்களுக்கு விதியே சரியாக இருக்க வேண்டும்.

விதி சரியில்லாதபோது என்ன நடக்கும் என்பதையும் நம் பக்கத்திலேயே பார்த்தோம். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பட்டம் வேண்டும் என்றதும், வேலையிலிருந்தவர்களும் வயல் வேலைக்குப் போனவர்களும் திறந்தநிலைக் கல்வியில் நேரடியாக முதுநிலைப் பட்டம் வாங்கினார்கள். 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான ஒரு வழக்கில், இளநிலைப் பட்டம் இல்லாமல் வாங்கிய அத்தகைய முதுநிலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு தமிழக அரசும், முறைப்படி பள்ளிப் படிப்பை முடிக்காமல் பெற்ற திறந்தநிலைப் பட்டங்களை வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதில்லை என்று ஆணையிட்டது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, இரவில் கண்விழித்துப் படித்தவர்கள் காகிதத்தை வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்கள். அவர்கள் அறிவுக்காகப் படிக்கப் போகவில்லை. விதி கேட்ட காகிதத்துக்காகப் போனார்கள். விதி காகிதத்தைக் கேட்கும் வரைக்கும் காகிதத்துக்குச் சந்தை இருக்கும்.

சம்பளக் கதைக்கு வருகிறேன். 1967இல் மைசூர் மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வரைபடம் பிரதியெடுக்கும் ஊழியர்களில் மெட்ரிக் தேறியவர்களுக்கு ஒரு சம்பளம், தேறாதவர்களுக்குக் குறைந்த சம்பளம் என்று அரசு பிரித்திருந்தது. படிப்பைப் பார்த்து அப்படிப் பிரிக்கலாம் என்றது நீதிமன்றம். ஒரே மேசையில் ஒரே படத்தை வரைந்த இருவருக்கு இரண்டு கூலி. பின்னாளில் நீதிமன்றத்தின் பார்வை விரிந்தது. 2016இல் பஞ்சாப் மாநில வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் அதே பதவியின் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. எனக்கு இந்த இரண்டாவது தீர்ப்பின் பக்கம்தான் மனம் நிற்கிறது. நம் பக்கத்து நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை ஆண்டுகளாகப் பணி நிரந்தரமும் சம ஊதியமும் கேட்டுப் போராடுகிறார்கள் என்று இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை.

பட்டதாரிகள் ஏன் பத்தாம் வகுப்பு வேலைக்கு வருகிறார்கள் என்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலருக்கும் இளநிலை உதவியாளருக்கும் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி அதற்கு மேல். மாதம் தவறாமல் வரும், உடம்புக்கு முடியாமல் போனாலும் வேலை போகாது. தனியார் இடத்தில் பொறியாளர் என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்டு, எந்த மாதம் வேலை நிற்கும் என்று தெரியாமல் இருப்பவன் இதைத் தேடி வருவதில் தப்பே இல்லை. 2019இல் சட்டமன்றச் செயலகத்தில் பெருக்குபவர், துப்புரவாளர் என 14 இடங்களுக்கு 4,607 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பொறியியலும் வணிக மேலாண்மையும் படித்தவர்கள் இருந்தார்கள். 2015இல் உத்தரப் பிரதேசத்தில் 368 கடைநிலைப் பணியிடங்களுக்கு 23 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன; முனைவர் பட்டம் பெற்றவர்கள் மட்டும் 255 பேர்.

இதற்குக் கேரளம் ஒரு வழி செய்தது: கடைநிலை ஊழியர் பணிக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்றது. வங்கிக் கடைநிலைப் பணிக்குத் தன் பட்டத்தை மறைத்து விண்ணப்பித்த ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று உச்ச நீதிமன்றமும் 2020இல் சொன்னது. படித்தவன் படிப்பை மறைக்கும் நிலை வந்ததே என்று அந்தச் செய்தியைப் படித்தபோது மிகவும் வருந்தினேன். படித்ததற்காக ஒருவரைத் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு ஒதுக்கிய இடமும் கைவிட்டுப் போகிறதே என்ற கேரள அரசின் கவலை உண்மையானது.

இந்த யோசனை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1986 தேசியக் கல்விக் கொள்கையே, சில துறைகளில் பட்டத்தையும் வேலையையும் பிரிக்கத் தொடங்க வேண்டும் என்றது. மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியப் பணி போன்றவற்றுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. நாற்பது ஆண்டு ஆகியும் அது பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2022இல் தன் அரசு வேலைகளில் ஏறக்குறைய பாதிக்குப் பட்டம் தேவையில்லை என்றது. 2023 ஜனவரியில் பென்சில்வேனியா, 92 சதவீத வேலைகளுக்கு, அதாவது சுமார் 65,000 இடங்களுக்கு, அப்படியே அறிவித்தது. ஆனால் தனியார் நிறுவனங்களைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் 2024இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. விளம்பரத்திலிருந்து பட்டத்தை எடுத்ததால் பலன் பெற்றவர், புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவர்கூட இல்லை. ஒரு வரியை அழித்தால் போதாது என்பது குரூப் 4இல் நாம் கண்ட அதே பாடம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஒவ்வொரு பதவிக்கும், அந்த வேலைக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுத வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கும் பாலம் கட்டவும் பட்டம் வேண்டும். கோப்பு எழுதவும் மனு விசாரிக்கவும் தெளிவான தமிழும் கணக்கும் ஊர் அறிவும் வேண்டும். தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் வாங்கியே ஆக வேண்டும் என்று இங்கே கொண்டுவந்தது அந்த வகையில் நல்ல தொடக்கம். தேர்வைக் கைவிடக் கூடாது. தேர்வில்லாத இடத்தில் சிபாரிசும் பணமும் புகுந்துவிடும். ஆனால் கேள்விகள், பயிற்சி மையத்தில் பணம் கட்டியவன் மனப்பாடம் செய்ததைவிட, அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவனைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே வந்தவர், துறைத் தேர்வும் நல்ல பணியும் இருந்தால், பட்டம் இல்லாமலே மேலே ஏற வழி இருக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கிடைக்க வேண்டும். காலியிடங்களை ஒப்பந்த ஆட்களைக் கொண்டு ஓட்டாமல் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் விகிதம் 2021-22 கணக்கின்படி தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்தியாவின் சராசரி 28 சதவீதம்தான். இது நம் பாட்டன் பூட்டன் கனவு காணாத பெருமை. அந்தப் படிப்பை வேலைக்கான டிக்கெட்டாக மட்டும் பார்த்துச் சிறுமைப்படுத்தாதீர்கள். வேதியியல் படித்தால் வேதியியலை நேசியுங்கள். பத்தாம் வகுப்பு வேலையில் சேர்ந்தால், எம்.எஸ்சி. படித்த நான் இங்கே உட்கார வேண்டியிருக்கிறதே என்ற நினைப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். அந்த நினைப்போடு உட்காருபவர் மனு கொண்டுவரும் கிழவியின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். தேர்வுக்கு எத்தனை ஆண்டு கொடுப்பது என்று முன்கூட்டியே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இருபதுகள் முழுவதையும் ஓர் அறிவிப்புக்காகக் காத்திருந்து கழிக்காதீர்கள். கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் யாருக்கும் குறைந்தவரில்லை. பாடப்புத்தகத்தை ஆறாம் வகுப்பிலிருந்து ஊன்றிப் படியுங்கள். அந்த இடம் உங்களுக்காகவும்தான்.

பெற்றோருக்கும் ஒன்று. மாப்பிள்ளை பார்க்கும்போதும், பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும்போதும், என்ன பட்டம் என்று முதலில் கேட்காதீர்கள். என்ன வேலை தெரியும், அதை எவ்வளவு நேர்மையாகச் செய்கிறான் என்று கேளுங்கள். அரசு மாறுவதற்கு ஆணை வேண்டும். வீடு மாறுவதற்கு நாம் மனசு வைத்தால் போதும். வேலைக்குத் தேவையானதை மட்டும் கேட்பது, செய்த வேலைக்கு உரியதைக் குறையாமல் கொடுப்பது: இந்த இரண்டும் நடந்தால் பட்டதாரியும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே அலுவலகத்தில் அருகருகே தலைநிமிர்ந்து உட்கார முடியும். அதைச் செய்யும் கடமை ஆள்பவர்களுக்கு இருக்கிறது. கேட்டு வாங்கும் உரிமை நமக்கு இருக்கிறது.