வாங்காவிட்டாலும் உறவுதான்

2014 ஆம் ஆண்டு. நாங்கள் ஸ்காபரோவில் குடியேறி இரண்டாவது குளிர்காலம். இருவருக்கும் தொழிற்சாலையில் இரவு வேலை. வாடகை கட்டி மிஞ்சுவது ஊருக்கு அனுப்பவே காணாது. அப்போது எங்களோடு வேலை செய்த பிலிப்பினோ அக்கா ஒருவர் சமையலறைச் சாமான் கட்டலொக் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். இதற்குக் கடை கிடையாது. வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட்டுச் சாமானைக் காட்டியோ, கட்டலொக்கை வீடு வீடாகக் கொடுத்தோ ஓடர் எடுக்க வேண்டும். விற்றதில் ஒரு பங்கு எங்களுக்கு. இது பழைய முறைதான். டப்பர்வெயர் நிறுவனம் 1951 இலேயே கடைகளில் விற்பதை விட்டுவிட்டு வீட்டுக்கூட்டங்களில் விற்கத் தொடங்கியது. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி அதை முன்னின்று நடத்தினார்.

இரவு வேலைக்காரருக்குக் கூட்டம் வைக்க ஏது நேரம்? நிறுவனம் தந்த ஆங்கிலக் கடிதத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து, கட்டலொக்கோடு எங்கள் கட்டடத்தில் நாற்பது வீடுகளுக்குக் கொடுத்தோம். வந்தது இரண்டே ஓடர்.

அடுத்த மாதம் தமிழில் கையால் எழுதினோம். ஓ.எல். வரை படித்த எழுத்துத்தான். தெரிந்த பன்னிரண்டு வீடுகளுக்கு மட்டும், ஒவ்வொன்றும் வேறு வேறாக. "அக்கா, வறுத்த மாவில் வண்டு பிடிக்கிறது என்றீர்களே, 14 ஆம் பக்கத்தில் இறுக்கமான மூடி உள்ள டப்பா இருக்கிறது" என்று எழுதினோம். விலையோடு 13 வீத வரியையும் கூட்டிப் போட்டோம். ஓடருக்குக் கடைசி நாள், சாமான் வரும் கிழமை, நாங்கள் நித்திரையால் எழும்பும் நேரம் எல்லாம் எழுதினோம். ஒன்பது வீடுகளில் ஓடர் கிடைத்தது.

சந்தோசத்தோடு சாமான் கொடுக்கப் போனோம். அந்த அக்கா எண்பது டொலரை எண்ணித் தந்தார். வாசலில் அவருடைய மகனின் பனிச் சப்பாத்து, கிழிந்த இடத்துக்குள் பொலித்தீன் பை அடைத்தபடி கிடந்தது. நாங்கள் அதைப் பார்த்ததை அவரும் கண்டுவிட்டார்.

"நீங்கள் கையாலை எழுதிக் கேட்டிருக்கிறியள். எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?" என்றார்.

எங்களுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கமாட்டேன் என்று நின்றார். கடைசியில், மகனுக்குச் சப்பாத்து வாங்கச் சொல்லிக் காசை மேசையில் வைத்துவிட்டு, டப்பாக்களை எங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் இப்படி எழுதினோம்: "வேண்டாம் என்றால் கட்டலொக்கைக் கதவடியில் வைத்துவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. வாங்காவிட்டாலும் நாங்கள் உறவுதான்."

அடுத்த மாதம் ஓடர் ஆறாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆறு வீடுகளும் பிறகும் தாங்களாகவே கேட்டு வாங்கின. அந்த அக்கா கட்டலொக்கைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனார். பின்னேரம் வழமைபோலத் தேத்தண்ணி குடிக்க வந்தார்.

புதிதாக இந்த வேலை தொடங்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்கிறோம். நம்மவர்கள் முகத்தாட்சண்யத்துக்கு வாங்கிவிடுவார்கள். இல்லை என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழியையும் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்.