பார்க்கிங் சீட்டு எங்கிருந்து வந்தது?

அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறே முக்கால். ஆட்டோவை வாசலுக்கே வரச் சொல்லியிருந்தேன். கேட்டைத் திறந்தால் குறுக்கே ஒரு வெள்ளைக் கார். உள்ளே ஆள் இல்லை, கண்ணாடியில் ஒரு போன் நம்பர்கூட இல்லை. சென்னை பெசன்ட் நகரின் எலியட்ஸ் பீச் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. காற்று வாங்க வந்த யாரோ நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனும் நானும் அம்மாவை நாற்காலியோடு தூக்கினோம். மதிலுக்கும் பம்பருக்கும் நடுவில் இரண்டடி இருக்கும். பக்கவாட்டில் திருப்பித் திருப்பி வெளியே எடுத்து, தெரு முனைவரை சுமந்துகொண்டு போனோம். நெபுலைசர் வைத்து, இரவு பத்தரைக்குத் திரும்பி வந்தபோது கார் போயிருந்தது. வாசலில் தின்று போட்ட இரண்டு சோளக்கட்டைகள் கிடந்தன.

அடுத்த வாரம் தெருக்காரர்கள் கூடிப் பேசினோம். பீச் ரோட்டில் மட்டுமல்ல, உள்தெருக்களிலும் பார்க்கிங்குக்குக் காசு வாங்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னவன் நான்தான். அன்று மாலையே ஜூஸ் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், இங்க காசுன்னா வர்றவங்க திருவான்மியூர் பீச்சுக்குப் போயிடுவாங்க. ஞாயித்துக்கிழமை ஓடுற யாவாரத்துலதான் சார் நான் வாடகை கட்டுறேன்” என்றார். ஊரூர் குப்பத்துப் பக்கம் மீன் வாங்கும்போது, மீன் விற்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். சங்கராவைச் செதில் சீவிக்கொண்டே கேட்டார்: “கார் நிக்கிற எடத்துக்குத் துட்டு வாங்குவீங்க, சரி. அது நாங்க குந்தி மீன் வித்த எடம் சார். அந்தத் துட்டு யாருக்குப் போவும்?”

மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. தெருவில் வண்டி நிற்பதற்குக் காசு என்ற யோசனை முதலில் யாருக்கு வந்தது, யாருடைய கஷ்டத்தைத் தீர்க்க வந்தது என்று தேட ஆரம்பித்தேன். கஜானா காலியான ஏதோ ஒரு அரசாங்கத்தில்தான் போய் முடியும் என்று நினைத்தேன். இல்லாவிட்டால், வாசலில் அந்நியர் வண்டி நிற்பது பிடிக்காத என்னைப் போன்ற குடியிருப்புக்காரர்களிடம்.

இரண்டுமே இல்லை. அது கடைக்காரர்களிடம் போய் நின்றது.

அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரம், 1930-களின் தொடக்கம். கடைவீதியில் வேலை செய்கிறவர்கள் காலையில் வந்து கடைகளின் முன்னால் காரை நிறுத்தினால் மாலைவரை எடுக்கமாட்டார்கள். சாமான் வாங்க வந்தவர்கள் இடம் கிடைக்காமல் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தது. போலீஸ்காரர் டயரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போவார். கோட்டை அழித்துவிட்டால் அவ்வளவுதான், அவர் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்த நகரத்து வணிகர் சங்கம் இதற்கு வழி காணும் பொறுப்பைக் கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியரிடம் ஒப்படைத்தது. அவர் அதற்கு முன் நியூ மெக்சிகோவில் பத்திரிகை நடத்தி, டீபாட் டோம் எண்ணெய் ஊழலை வெளியே கொண்டுவருவதில் பங்கெடுத்தவர். ஓர் ஊழலை உடைத்தவர் வாகன நிறுத்தத்தை யோசித்தார் என்பது எனக்கு ஏனோ மிகவும் பிடித்திருந்தது.

காசு போட்டால் நேரத்தை அளக்கும் ஒரு பொறி என்பது மகீயின் எண்ணம். அதற்கு ஓடும் உருவம் கொடுத்தவர்கள் ஹோல்கர் துயெசன் என்ற பொறியியல் பேராசிரியரும் ஜெரால்டு ஹேலும். உள்ளே கடிகாரம் போன்ற பொறி, மேலே காசு போட ஒரு துளை. 1935 ஜூலை 16 அன்று உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் அந்த நகரத்துத் தெருவில் நின்றது. மணிக்கு ஐந்து சென்ட். தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் முதலில் வைத்துப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள், தங்கள் பக்கமும் வேண்டும் என்று கேட்டார்கள். மீட்டர் வைத்த பக்கத்தில் வண்டிகள் வந்து வந்து போயின. கடைக்குள் ஆள் நுழைந்தது.

வண்டிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பொதுத்தெருவில் நிற்கக் காசா என்று வழக்குப் போட்டார்கள். மீட்டரை அனுமதித்த நீதிமன்றங்கள் பொதுவாகச் சொன்ன காரணம், அது தெருவை ஒழுங்குபடுத்துகிறது என்பதே. வருமானத்துக்காக மட்டும் வசூலிப்பதாக இருந்தால் அந்த வாதம் நிற்காது. இந்த வேறுபாட்டை நான் ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்தேன். நம் ஊரில் பார்க்கிங் வசூல் என்றாலே குத்தகையும் ஏலத்தொகையுமாகத்தான் பேச்சு போகிறது. பிறந்தபோது அது இடத்தைப் பங்குபோடும் ஏற்பாடு. காசு அதற்கான கருவி.

இதைப் படித்த மறுநாள் காலை ஒன்பதரைக்கு எங்கள் பெசன்ட் நகர் ஆறாவது அவென்யூவில் போய் நின்றேன். கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. நிழல் விழும் நல்ல இடங்களில் வந்து நின்ற வண்டிகள் யாருடையவை என்று பார்த்தேன். கடைகளைத் திறந்தவர்களுடையவை, அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுடையவை. மாலை ஏழு மணிக்கு மறுபடி போனேன். அவற்றில் பல நகரவே இல்லை. ஜூஸ் கடைக்காரரின் ஸ்கூட்டரும் அதே மரத்தடியில் அதே சாய்வில் நின்றது. அவரிடம் ஓக்லஹோமா கதையைச் சொன்னேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப பசங்க வண்டிய எங்க சார் விடறது?” என்றார். நல்ல கேள்வி. பஸ் டெர்மினஸ் பக்கம் வேலையாட்களுக்கென்று மலிவாக ஓர் இடம் ஒதுக்காமல் கடைவாசலில் காசு வாங்கினால், அந்தப் பிள்ளைகளின் சம்பளத்திலிருந்துதான் அது போகும்.

கடைக்காரர்களின் பயத்துக்கு இன்னொரு விடை கலிஃபோர்னியாவில் கிடைத்தது. பாசடீனாவின் பழைய கடைவீதியில் கட்டிடங்கள் பாழடைந்து கிடந்த காலம். மீட்டர் வைக்கலாம் என்று நகராட்சி சொன்னபோது, வருகிற கொஞ்சம் பேரும் ஓடிவிடுவார்கள் என்று அங்கேயும் கடைக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு: மீட்டரில் விழும் காசு முழுவதும் அந்த வீதிக்கே செலவாக வேண்டும். 1993-இல் மீட்டர் வந்தது. அந்தக் காசில் நடைபாதை, மரங்கள், விளக்குகள், சந்துகளின் சுத்தம் எல்லாம் வந்தன. கூட்டம் குறையவில்லை, கூடியது. இந்தக் கதையை உலகத்துக்கு விரிவாகச் சொன்னவர் டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர். 2025 பிப்ரவரியில் காலமானார். கட்டணம் எவ்வளவு என்பதற்கும் அவரிடம் எளிய அளவுகோல் உண்டு: ஒரு தெருவில் எந்த நேரமும் ஓரிரண்டு இடங்கள் காலியாக இருக்க வேண்டும், அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் விலை. சென்னையில் 2019-இல் ஸ்மார்ட் பார்க்கிங் வந்தபோது காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூவீலருக்கு 5 ரூபாய் என்று வைத்தார்கள். ஷூப்பின் கணக்குப்படி, ஆளில்லாத செவ்வாய்க்கிழமை மதியத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கும் ஒரே விலை இருக்கவே கூடாது. மதியத்தில் சும்மா விடலாம். ஞாயிறு மாலையில் 20 ரூபாய் போதாது.

அடுத்தது என்னுடைய ஆசை. உள்தெருக்களில் வசிப்பவர்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுத்தால் என்ன? அதே கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் கடற்கரையில் இதைத்தான் கேட்டார்கள்: இரவு நேரத்தில் குடியிருப்பவர் வண்டி மட்டும் நிற்கட்டும் என்று. 1976-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டத்தின்படி இயங்கும் ஆணையம் 2010-இல் அதை மறுத்துவிட்டது. கடற்கரை எல்லோருடையது, விடியற்காலையில் அலையில் சறுக்க வருகிறவரும் அதில் அடக்கம், தெருவை அடைத்தால் கடலை அடைத்தது போல என்பது அதன் பார்வை. முதலில் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் காருக்கும் மதிலுக்கும் நடுவில் தூக்கியது அவர்கள் அம்மாவை அல்லவே.

ஆனால் அன்று மாலையே பஸ் டெர்மினஸில் 29சி வந்து நின்றதைப் பார்த்தேன். பெரம்பூரிலிருந்து வருகிற வண்டி. ஒரு குடும்பம் இறங்கியது. பாட்டி, இரண்டு பெண்கள், நான்கு குழந்தைகள், ஒரு ஒயர் கூடையில் புளியோதரை வாசனை. குழந்தைகள் இறங்கியதுமே கடல் எந்தப் பக்கம் என்று கேட்டு ஓடினார்கள். இவர்கள் எங்கள் தெருவில் ஓர் அங்குலம்கூடக் கேட்கவில்லை. கடற்கரைக்கு வருகிறவர்கள் என்று நான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தது காரில் வருகிறவர்களை மட்டும். காரில் வருகிறவரிடம் வாங்கும் காசு 29சி இன்னும் அடிக்கடி வர உதவுமானால், அது இந்தப் பாட்டிக்குப் போகிற காசு. 2006-இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் இதைச் சொல்கிறது: நிறுத்தும் இடத்தின் உண்மையான மதிப்புக்கு ஏற்றபடி கட்டணம் இருக்க வேண்டும், அது மக்களைப் பொதுப் போக்குவரத்தின் பக்கம் திருப்ப வேண்டும்.

அக்காவின் கேள்விதான் மிச்சம். அதற்கு ஓக்லஹோமாவிலும் கலிஃபோர்னியாவிலும் விடை இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தாசில்தாரிடம் போனேன். அவர் ஒரே ஒரு சொல்லை எடுத்து என் முன்னால் வைத்தார். “புறம்போக்குன்னா என்னன்னு நினைக்கிறீங்க? வேண்டாத நிலம்னா? வரிக் கணக்குக்குப் புறம்பா வெச்ச நிலம். எல்லாருக்கும் வேணும்கறதால யாருக்கும் பட்டா போடாம விட்டது. மேய்ச்சல், குளம், பாதை, கடலோரம்.” பெசன்ட் நகரை வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து உருவாக்கும் முன்பே ஊரூர் இருந்தது. கர்னல் ஆல்காட்டின் பெயரைத் தாங்கிய ஆல்காட் குப்பமும் இருந்தது. மணலில் படகு ஏற்றி, வலை காயப்போட்டு, மீன் உலர்த்தியவர்களுக்குப் பட்டா தேவைப்படவில்லை. பிறகு அதன் ஓரத்தில் ரோடு வந்தது, ரோட்டோரத்தில் கார் வந்தது, இப்போது அந்தக் கார் நிற்கும் இடத்துக்கு ஒரு விலை வரப்போகிறது. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் வேண்டும். அந்த இடத்தில் நான்கு பெண்கள் அன்னக்கூடையும் அரிவாள்மணையும் வைத்துத் தாராளமாக உட்காரலாம்.

மீன் விற்ற இடம் ரோட்டுக்குப் போவது நம் ஊரில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. மெரினா லூப் ரோட்டில் மீன் கடைகள் போக்குவரத்தை மறிக்கின்றன என்று 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. கடைகள் அகற்றப்பட்டபோது நொச்சிக்குப்பத்து மக்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். எங்கள் குப்பத்து நடுவில் ரோட்டைப் போட்டுவிட்டு, நாங்கள் ரோட்டை மறிப்பதாகச் சொல்கிறீர்களே என்பதுதான் அவர்கள் கேட்டது. 2024-இல் அங்கே புதிய மீன் அங்காடி திறந்தார்கள்.

பகுதி சபைக் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதினேன். பீச் ரோட்டில் கூட்டமான நேரங்களில் மட்டும் கட்டணம், கூட்டத்துக்கு ஏற்ற விலை. வசூலும் செலவும் மாதாமாதம் போர்டில் எழுதப்பட வேண்டும். அந்தப் பணம் இந்த ரோட்டின் நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் பஸ்ஸுக்கும் போக வேண்டும். உள்தெருக்களில் கேட்டுக்கு முன்னால் மட்டும் மஞ்சள் கோடு. அங்கே நிற்கும் வண்டியை உடனே எடுத்துப்போக வேண்டும். தெரு முழுவதும் எங்களுக்கே வேண்டும் என்று முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். கார் நிறுத்தக் கோடு போடும் முன்பாக, மீன் விற்கும் பெண்களின் இடத்துக்குக் கோடு போட வேண்டும் என்று அதற்கு மேலே எழுதினேன்.

அக்காவிடம் கொண்டுபோனேன். அதிகாலை; படகு இன்னும் கரை ஏறவில்லை. அவர் உட்காரும் இடத்தில் முந்தின இரவே ஒரு செங்கல்லும் கோணிப்பையும் போட்டு வைத்திருந்தார். செங்கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், காரின் பின்பக்கமாக அன்னக்கூடையை இறக்கி வைத்தார். “படி சார்” என்றார். முழுதும் படித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“மீன் விக்கிற எடம் எழுதிட்ட. வல காயப்போடற எடம்?”

பேனாவை எடுத்தேன். எங்கிருந்து எதுவரை என்று கேட்டேன். அவர் எழுந்து மணலில் நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் போனேன்.