படித்த படிப்பும் பார்க்கும் பணியும்

மாணவர் சேர்க்கை நடைபெறும் நாள்களில் தமிழ்த்துறை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. அதனைப் பெரும்பாலும் மாணவர் கேட்பதில்லை. உடன்வரும் தந்தையோ தாய்மாமனோ கேட்பர். "தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதே அவ்வினா. வணிகவியல் துறையின் வாசலில் இவ்வினா எழுவதில்லை. அங்கே எழுவது, "இடம் இருக்கிறதா?" என்பது மட்டுமே.

2012-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், ஜாம்பஜாரில் பைகள் தைத்து விற்கும் சிறுகடைக்காரர் ஒருவர் தம் மூத்த மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். ஸலாம் உரைத்து அமர்ந்தவர், சுற்றி வளைக்காமல் அந்த வினாவைக் கேட்டார். நாம் என்ன விடை கூறினோம் என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம். 2004-இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பெற்ற செய்தியைச் சொன்னோம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைச் சொன்னோம். நாகூர் குலாம் காதிறு நாவலர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதைச் சொன்னோம். கால் மணி நேரம் பேசினோம். அவர் கேட்டது சோறு. நாம் பரிமாறியது வரலாறு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அப்பெரியவர், "நீங்கள் சொன்னால் சரிதான், சார்" என்று கூறிப் படிவத்தில் கையொப்பமிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2016-ஆம் ஆண்டு நோன்பின் கடைசி வாரத்தில், பெருநாளுக்குத் துணி எடுக்கத் தியாகராய நகருக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். ரங்கநாதன் தெருவின் நெரிசலைத் தாண்டி ஒரு பெரிய துணிக்கடையின் நான்காம் மாடிக்கு ஏறினோம். சிறுவர் ஆடைப் பிரிவில் நின்றிருந்த இளைஞர் நமக்கு முன்பாகவே நம்மை அடையாளம் கண்டுகொண்டார். அந்த மூத்த மகன்தான். மூன்றாண்டும் நன்றாகப் படித்தவர். யாப்பிலக்கணத் தேர்வில் வகுப்பிலேயே மிகுதியான மதிப்பெண் பெற்றவர். நமக்கு வாய் எழவில்லை. அவரோ முகமலர்ச்சியுடன் நம் பிள்ளைகளுக்கு ஆடைகளை எடுத்து எடுத்துப் போட்டார். "எப்படித் தம்பி இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டோம். அவர் சொன்ன விடை இன்றும் காதில் ஒலிக்கிறது: "பட்டம் இருக்கிறதா என்று கேட்டார்கள், சார். எந்தப் பட்டம் என்று கேட்கவில்லை."

பக்கத்துப் பிரிவில் துணி மடித்துக்கொண்டிருந்தவரைக் காட்டி, அவர் பொறியியல் பட்டதாரி என்றும் சொன்னார். அது நமக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. 1980-களில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறக்கப்பட்டது. பின்னர் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைக் கடந்தது. அவற்றிலிருந்து வெளிவந்தோர் அனைவருக்கும் எந்திரமும் மின்சாரமும் சோறிடவில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஆயினும் பொறியியல் படித்தவர் துணி மடித்தால் உலகம் காலத்தைக் குறை சொல்கிறது; தமிழ் படித்தவர் மடித்தால் தமிழைக் குறை சொல்கிறது.

(அன்று அவர் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பணிபுரிந்தார். கடைகளில் பணிபுரிவோருக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-இல்தான்.)

அன்றிரவு வீடு திரும்பியதும் ஒரு குறிப்பேட்டை எடுத்து, நம்மிடம் படித்துச் சென்றவர்களின் பெயர்களை நினைவிலிருந்த வரையில் எழுதத் தொடங்கினோம். பிறகு ஒவ்வொருவராக விசாரித்து, யார் எங்கே என்ன பணியில் இருக்கிறார் என்று எதிரே குறித்துவந்தோம். துறைத்தலைவர் இதனைக் கண்டு, "கணக்கப்பிள்ளை ஆகிவிட்டீரோ?" என்று நகைத்தார். ஆம், கணக்குத்தான். எழுத எழுத நமக்கு ஒன்று விளங்கிற்று. நம் மாணவரை வேலைக்கு அழைப்போரில் பலர் பட்டத்தைக் கேட்கின்றனர், தமிழைக் கேட்பதில்லை. வேறு பலர் தமிழைக் கேட்கின்றனர். தமிழ்ப் பட்டத்தைக் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்கும் இடம், கற்பிக்கும் தொழிலை விட்டால் மிகவும் சிறிது.

தமிழை மட்டும் கேட்கும் இடங்கள் நம் மாநகரில் குறைவல்ல. மயிலாப்பூரில் 1901-இல் தோன்றிய அல்லயன்ஸ் பதிப்பகம் இன்றும் நூல் வெளியிட்டு வருகிறது. தியாகராய நகரில் தீனதயாளு தெருவில் வானதி பதிப்பகம் உள்ளது. அதனைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பதிப்பாளர் பலர் உண்டு. 1977-இல் அண்ணா சாலையில் மதரஸா-இ-ஆஜம் பள்ளி வளாகத்தில் முதன்முதலாகக் கூடிய சென்னைப் புத்தகக் காட்சி, இன்று நந்தனத்தில் எத்துணை பெரிய திருவிழாவாக வளர்ந்துள்ளது என்பதை நாம் அறிவோம். அத்துணை நூல்களுக்கும் மெய்ப்புத் திருத்துவோர் வேண்டும். நம் மாணவர் ஒருவர் அத்தொழிலில் இருக்கிறார். ஒரு பக்கத்திற்கு இவ்வளவு என்று கூலி. ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று வகுப்பில் நாம் கற்பித்தபோது கொட்டாவி விட்டவர், இன்று அவ்வொற்றை எண்ணித்தான் உண்கிறார். அவருக்கு முன்னோடியும் உண்டு. கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், ஞானியார் சாகிபின் பாடல்கள் சென்னையில் அச்சேறியபோது மெய்ப்புப் பார்க்கவே இந்நகருக்கு வந்தவர். 1907-இல் விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருசேர நினைவில் நிறுத்திச் சதாவதானம் நிகழ்த்தியவர் என்பதை நாம் அனைவரும் மேடையில் சொல்லுகிறோம். மெய்ப்புத் திருத்திய செய்தியை எவரும் சொல்வதில்லை.

ஆனால் பதிப்பாளர் எவரும், "முதுகலைத் தமிழ் உண்டா?" என்று வினவுவதில்லை. பிழை தெரிகிறதா என்றே பார்க்கின்றனர். சாலிகிராமத்தில் பிறமொழிப் படங்களுக்கு உரையாடல் எழுதுவோரையும், தரமணிப் பக்கத்து அலுவலகங்களில் கணினி செய்த மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொடுப்போரையும் அவ்வாறே தேர்கின்றனர். அரசுத் தேர்வுகளும் அப்படியே. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணைக்குப் பின், தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ்த்தாளில் நாற்பது விழுக்காடு பெறாதவர் மேற்செல்ல இயலாது. நம் மாணவருக்குப் பொற்காலம் பிறந்தது என்று அன்று நாமும் மகிழ்ந்தோம். பிறகு நடந்ததைக் கேளுங்கள். அடையாற்றில் நம் நண்பர் நடத்தும் பயிற்சி வகுப்பில் தமிழ்த்தாளுக்கு முன்வரிசையில் அமர்ந்திருப்போர் பொறியியல் பட்டதாரிகள். இந்திய ஆட்சிப்பணித் தேர்விலே தமிழ் இலக்கியத்தை விருப்பப்பாடமாக எடுப்போரிலும் வேறு துறை படித்தோர் உண்டு. அவர்கள் தொல்காப்பியத்தைத் தேர்வுக்குரிய பொருளாக அணுகுகின்றனர். நம்மவர் அதனை மூன்றாண்டு படித்துவிட்டோம் என்னும் நம்பிக்கையில் படியாமல் செல்கின்றனர். இது கசப்பான உண்மை. மாணவர் இதனை நம்மீது கோபமின்றிப் படிக்க வேண்டுகிறோம்.

சமுதாயப் பெரியவர்கள் இவ்விடத்தில் நீதியரசர் மு. மு. இஸ்மாயிலை நினைவூட்டுவர். நாகூரில் பிறந்து, 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய அப்பெருமகனார், கம்பனில் தோய்ந்தவர். சென்னைக் கம்பன் கழகத்தைத் தலைமையேற்று நடத்தியவர். மயிலாப்பூரில் ஆண்டுதோறும் நடக்கும் கம்பன் விழாவில் இன்றும் அவர் பெயர் ஒலிக்கிறது. "அவர் சட்டம் படித்துப் பிழைத்தார், தமிழை விரும்பிப் படித்தார். நம் பிள்ளைகளும் அப்படிச் செய்யட்டுமே" என்று பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர் நம்மிடம் வாதிட்டதுண்டு. அவர் கூற்றில் பிழையில்லை. ஆயினும் மற்றொருவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் படித்த மணவை முஸ்தபா அவர்கள், 1967-இல் தொடங்கிய யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டுகள் நடத்தினார். மருத்துவத்திற்கும் கணினிக்கும் கலைச்சொல் அகராதிகள் தொகுத்தார். தமிழே அவருக்குப் பணியாயிற்று. ஆனால் அவர் தமிழோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலத்திலிருந்து அறிவியலைத் தமிழுக்குக் கொண்டுவரும் ஆற்றலை உடன் வளர்த்துக்கொண்டார். நம் பாடத்திட்டத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கியிருக்கும் நேரத்தைப் பார்க்கையில் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறரைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் கதையையும் சொல்வதே முறை. நம் அத்தா மீர்சாகிப்பேட்டை அச்சகம் ஒன்றில் நூல் கட்டும் தொழிலாளி. கட்டிய நூல்களில் ஒன்றைக்கூட முழுதும் படித்ததில்லை என்பார். 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபோது நாம் முதுகலைத் தமிழில் சேர்ந்திருந்தோம். உறவினர் வீட்டுப் பிள்ளைகள் கணினிப் பயிற்சிக்கு ஓடினர்; எஞ்சியோர் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறினர். அத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை 2007-இல் பெற்றோம். இளநிலை வகுப்புகளுக்குக் கற்பிக்க அப்பட்டமே போதும், தேசியத் தகுதித் தேர்வு வேண்டியதில்லை என்று 2006-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலக்கு அளித்திருந்த நேரம் அது. 2009-இல் அவ்விலக்கு நீங்கிற்று. 2022 நவம்பரில் வந்த விதிகளால் அப்படிப்பே இல்லாமற் போயிற்று. சுயநிதிப் பிரிவில் பணியாற்றிவரும் நாம், சுவரில் மாட்டிய பட்டத்தை இப்போது பார்க்கும்போதெல்லாம், செல்லாத நாணயத்தைப் பெட்டியில் வைத்திருக்கும் கிழவரைப் போல் உணர்கிறோம். தகுதித் தேர்வை மும்முறை எழுதினோம், தேறவில்லை. முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்துள்ளோம். நாற்பதைக் கடந்த வயதில், இரவு பத்து மணிக்குமேல், உறங்கும் பிள்ளைகளுக்கு அருகில் அமர்ந்து எழுதுகிறோம். வேலைக்கும் படிப்புக்கும் உள்ள உறவைப் பற்றி மாணவருக்கு அறிவுரை கூறும் தகுதி நமக்கு உண்டா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

தமிழ்ப் பட்டத்தையே கேட்கும் இடம் பள்ளிக்கூடம் என்றோம். அதற்கும் பின்னணி உண்டு. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கட்டாயமாயிற்று. தமிழாசிரியரே இல்லாதிருந்த ஆங்கிலவழிப் பள்ளிகளும் தமிழாசிரியரைத் தேடின. நம் குறிப்பேட்டில் மயிலாப்பூர், அடையாறு, மந்தைவெளி என்று பள்ளிகளின் பெயர்கள் வரிசையாக வரத் தொடங்கியதற்கு அச்சட்டமும் ஒரு காரணம். ஆனால் அங்கு நுழையத் தமிழ்ப் பட்டத்துடன் கல்வியியல் பட்டம் வேண்டும். 2015 முதல் அது ஈராண்டுப் படிப்பு. அரசுப் பள்ளிக்கெனில் ஆசிரியர் தகுதித் தேர்வும் உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதனைப் பயன்படுத்த விண்ணப்பம் போட வேண்டும் என்பதே நம் வீடுகளில் பலருக்குத் தோன்றுவதில்லை.

சென்ற மாணவர் சேர்க்கையின்போது ஜாம்பஜார் பெரியவர் மீண்டும் வந்தார். தாடி முழுதும் வெளுத்திருந்தது. உடன் வந்தவர் அவருடைய கடைசி மகன். மூத்தவர் துணிக்கடையில் மாடி மேற்பார்வையாளராக உயர்ந்துவிட்டார் என்றும், கடையின் அறிவிப்புப் பலகைகளை எல்லாம் பிழையின்றி எழுதிக்கொடுப்பவர் அவரே என்றும் சொன்னார். பிறகு சற்றும் மாறாமல் அதே வினாவைக் கேட்டார்.

இம்முறை நாம் சீறாப்புராணத்தைத் தொடவில்லை. குறிப்பேட்டை எடுத்து மேசைமேல் விரித்தோம். ஆசிரியரானவர், மெய்ப்புத் திருத்துபவர், தேர்வாணையத் தேர்வில் தேறி வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பவர், தொலைக்காட்சியில் செய்தி எழுதுபவர், உணவு கொண்டுசேர்க்கும் வண்டி ஓட்டுபவர், துபாயில் கிடங்குக் கணக்குப் பார்ப்பவர் என்று ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினோம். அவர் மகன் பெயர் வந்த வரியையும் விட்டுவிடவில்லை. எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, எங்கே எந்தத் தேர்வு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் அதனை நெடுநேரம் பார்த்தார்.

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, சார்" என்றார்.

"அன்றைக்கு எனக்கே தெரியாது, பாய்" என்றோம்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கல்வியியல் படிப்புக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை ஆண்டு என்று விரல்விட்டு எண்ணினார். ஐந்து. அதற்குள் இளையவர் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். முதல் விருப்பப் பாடம் என்னும் கட்டத்திற்கு வந்ததும் பேனாவை நிறுத்தித் தந்தையின் முகத்தைப் பார்த்தார்.

"என் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது? படிக்கப்போவது நீ" என்றார் பெரியவர்.

இளையவர் குறிப்பேட்டைத் தம் பக்கம் திருப்பி, முதல் பெயரிலிருந்து தாமே படிக்கத் தொடங்கினார்.