நாலு டப்பா கணக்கு

பி.காம். படித்தவனிடம் வருமான வரி பாரத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். போன மாதம் சித்தி மகன் வந்து, மேஜை மேல் ஒரு பை நிறைய டப்பாக்களைக் கொட்டினான். கல்யாணமாகி நாலு வருஷம். இன்னும் குழந்தை இல்லை.

''மாசம் நாலாயிரம் ஆகுதுண்ணா. இதுல எதை நிறுத்தலாம்?''

காசை மிச்சம் பிடிக்கத்தான் வந்திருந்தான். நானும் பேப்பரில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். அவன் மனைவி கணக்கில் மட்டும் விட்டமின் ஏ மூன்று டப்பாவில் இருந்தது. சத்து மாத்திரையில் 2,500 யூனிட், முடி வளரும் கேப்ஸ்யூலில் 5,000, மீன் ஈரல் எண்ணெயில் 4,000. கூட்டினால் 11,500!

கருத்தரிக்கக் காத்திருக்கும் பெண்ணுக்கு ரெட்டினால் வகை விட்டமின் ஏ ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கருவில் குறை வரலாம். (கேரட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வேறு வகை.) தனித்தனியாக எந்த டப்பாவும் குற்றவாளி இல்லை. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

'கவர்ன்மென்ட் பார்த்துத்தானே விற்க விடுது?' என்பீர்கள். உங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கும். சட்டப்படி இவை மருந்தில்லை, உணவு.

அவனுடைய டப்பா, ஜிங்க்கும் ஃபோலிக் ஆசிடும் கலந்தது. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். கணவன் ஆறு மாதம் சாப்பிட்டும் குழந்தை பிறப்பது கூடவில்லை. வயிற்று உபாதைதான் கூடியது.

உண்மையில் அந்த ஃபோலிக் ஆசிட் வேண்டியது அவன் மனைவிக்கு. தினம் 400 மைக்ரோகிராம். அவள் மாத்திரையில் இருந்ததோ வெறும் 100.

''கன்ஃபர்ம் ஆனதும் டாக்டர் தருவாங்கள்ல?''

அங்கேதான் இடிக்கிறது. கரு உருவான 28 நாளுக்குள் குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிவிடும். நாள் தள்ளிப்போச்சு என்று நீங்கள் கவனித்து, டாக்டரிடம் டோக்கன் வாங்குவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். முன்கூட்டியே சாப்பிட்டால்தான் பலன் என்று 1991-லேயே பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று காட்டிவிட்டது. விலையும் சொற்பம். அதனாலோ என்னவோ, யாரும் அதற்குப் பளபளா டப்பா போடுவதில்லை.

''எல்லாத்தையும் டாக்டர்கிட்ட காட்டுடா'' என்றேன். தயங்கினான்.

''மீன் எண்ணெய் அம்மா வாங்கிக் குடுத்தது. எப்படிண்ணா நிறுத்தறது?''

சித்திக்கு நானே போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

''நல்லதுக்குத்தானேடா வாங்கினேன்...''

''தெரியும் சித்தி.''

''என்னிக்கு டாக்டர்கிட்ட போறாங்க? நான் வந்தா அந்தப் பொண்ணு தப்பா எடுத்துக்குமா?''