ஆள் வராத நாம்பன்கள்

மாடு பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அவர்கள் சொல்வது சரிதான். கயிறும் நாலு ஆளும் இருந்தால் யாரும் பிடிக்கலாம். பிடித்த மாடு யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஓய்வுபெற்ற அன்று எனக்கு மாலை போட்ட ஒரு இளம் உத்தியோகத்தர், "நம்ம மாடு பிடிக்கிற அண்ணன்" என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்தத் தம்பிக்கு நாம்பனுக்கும் எருமை நாகுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் வராத மாடுகளின் ஏலக் கோப்பில் கையெழுத்து வைக்கப்போவது இனி அவர்தான்.

கண்டியைச் சுற்றி மாற்றலாகிப் போன உள்ளூராட்சிச் சபைகளில் எல்லாம் எனக்குப் பிடித்த மாட்டை அடைக்கும் பட்டிதான் கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தினுசு மாடு. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கினால் தெல்தெனியப் பக்கக் கரையில் புல் கிளம்பும். அங்கே அவிழ்த்துவிட்டது இரவில் மகியங்கனை வீதியில் வந்து படுக்கும். கொஹாகொட குப்பை மேட்டுப் பக்கத்தில் பிடித்ததென்றால் சாணத்தில் ஷொப்பிங் பை கிடக்கும். ஹந்தானை, கலஹா தோட்ட லயத்து மாட்டுக்குச் சூட்டுக் குறியும் இராது, காது இலக்கமும் இராது, ஆனால் பெயர் இருக்கும். 'லெச்சுமி' என்றால் காதை ஆட்டும்.

எனக்கு வேலை பழக்கியவர் அக்குறணைக்காரர். சபையில் எல்லோருக்கும் அவர் நானா. அவருடைய வாப்பா மாட்டு வியாபாரி. மாடு விற்கும் துண்டு எழுதப் பழகிய பிறகுதான் பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகினேன் என்பார். புது மாடு வந்ததும் நாங்கள் பேரேட்டைத் திறப்போம். அவர், "தம்பி, முதல்ல தண்ணி ஊத்துங்க" என்பார். பின்தொடையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி உள்ளங்கையால் மயிரை ஒரு பக்கமாக வழித்தால், சூடு பட்ட இடத்தில் மயிர் படியாமல் எழுத்துத் தெரியும். மழைக்காலத்தில் மயிர் அடர்ந்துவிடும், அப்போது கத்தரிக்க வேண்டும். அதற்கும் மசியாத குறியை இருட்டிய பிறகு பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பார்ப்பார். கன்றில் சுட்ட குறி மாடு வளர வளர அகன்றுபோகும். சிங்கள 'வ'வுக்கும் 'ச'வுக்கும் ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம். சூடு கொஞ்சம் பரவினால் இரண்டும் ஒன்று. அந்தச் சுழி இயல்பாகப் பரவியதா, களவெடுத்தவன் பிறகு சுட்டதா என்று நானா விரலால் தடவியே சொல்வார். புதுத் தழும்பு மேடாக இருக்கும். பொலிஸ்காரர்கள்கூட அவரிடம் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள்.

குறியே இல்லாவிட்டால் கயிற்றைப் பார்ப்பார். தும்புக் கயிறா, நைலோனா, உரப்பை நூலைத் திரித்ததா, முடிச்சு எந்தப் பக்கம். குளம்பில் வயல் சேறா, தேயிலை மலைச் செம்மண்ணா. பிறகு தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பார். எதற்குத் தலையைத் திருப்புகிறதோ அந்தப் பக்கத்து ஊர். பால் மாடாக இருந்தால் இன்னும் சுலபம்: மடி கட்டியதும் அந்தி நேரத்தில் கயிற்றை நீளமாக விட்டுப் பின்னால் நடப்பார். அது நேரே வீட்டு வாசலில் போய் நின்று கத்தும். பற்றுச்சீட்டு இல்லாமல் மாட்டை வெளியே கொண்டுபோனதாக அவர்மேல் ஒரு முறைப்பாடு எழுதினார்கள். வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிவந்து தண்டப்பணம் கட்ட வைத்ததை ஒருவரும் எழுதவில்லை.

இப்போது என்ன செய்கிறார்கள்? காதில் இலக்கம் உண்டா, ஒரு படம், வட்ஸ்அப் குழுவில் போடு, அறிவித்தல் ஒட்டு, நாள் முடிந்ததும் ஏலம். இலக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு அவிழ்த்துவிடுகிறான் என்று தெரிந்தும் இலக்கத்தையே தேடுகிறார்கள். வெட்டிய காதில் ஓட்டையாவது இருக்குமே, அதைப் பார்க்கக் கூடாதா?

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1876இன் 9ஆம் இலக்க மாட்டு அத்துமீறல் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1958இன் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் இருக்கிறது, பிரதேச சபைகளுக்கு 1987இன் 15ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 1876இல் யோசித்தவர்கள் அடுத்தவன் பயிரில் வாய்வைத்த மாட்டை யோசித்தார்கள். அந்த மாட்டுக்காரன் தேடி வருவான், கெஞ்சுவான், தண்டம் கட்டுவான். தேடி வராத மாட்டுக்காரனை அவர்களுக்குத் தெரியாது.

இன்று பட்டியில் ஆள் வராமல் நிற்பதில் அதிகம் நாம்பன் கன்றுகள். ஜேர்சிக் கலப்பு, பிரீசியன் கலப்பு. பால் தராது, உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, இறைச்சிக்குக் கொடுக்கவும் பயம். 2013 வெசாக் நாளில் தலதா மாளிகைக்கு அருகே மாடறுப்பை எதிர்த்து ஒரு தேரர் தீக்குளித்தார். அதற்குப் பிறகு எங்கள் ஏலத்துக்கு வழக்கமாக வந்த இறைச்சிக்கடைக்காரர்கள் நிற்கவே தயங்கினார்கள். 2021 ஒக்டோபரில் மாடறுப்பைத் தடைசெய்யச் சட்டங்களைத் திருத்த அமைச்சரவை அனுமதி கொடுத்த செய்தி வந்ததும் கேள்வி விலை இன்னும் இறங்கியது. அதன் பின்னாலேயே தீவன விலை ஏறியது. பட்டிக்கு வந்து தண்டமும் பராமரிப்புச் செலவும் கட்டினால் கன்றின் விலையைத் தாண்டிவிடும். உரிமையாளருக்குக் கணக்குத் தெரியும். அறிவித்தலை வாசித்துவிட்டு அடுத்த கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவர்களை எனக்கு முகம் தெரியும்.

மாட்டை அறுக்க விடாமல் காப்பாற்ற, அபயதானம் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு, நல்ல மனிதர்கள். அவர்கள் வறிய குடும்பத்துக்குக் கொடுப்பதற்குப் பசுவையும் கிடாரியையும் கேட்பார்கள். நாம்பனைக் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. கொடுத்த நாம்பனில் சில, குறி மட்டும் புதிதாகி, மறுபடியும் எங்களிடமே வந்திருக்கின்றன.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கலப்புக் கன்று வானத்திலிருந்து விழுவதில்லை. ஊசி போட்டுச் சினைப்படுத்தியதை மிருக வைத்திய அலுவலகம் பதிகிறது. எந்த வீட்டு மாடு எப்போது ஈன்றது என்று பால் சேகரிப்பு நிலையத்துக்கும் தெரியும். கன்றின் பல்லைப் பார்த்து வயதைச் சொல்ல என்னால் முடியும். அந்தப் பதிவையும் வயதையும் சேர்த்தால் நாலைந்து வீடுதான் மிஞ்சும், நடந்து போயே கேட்டுவிடலாம். கடைசி வருடங்களில் இதை எழுதிக் கொடுத்தேன். அது வேறு திணைக்களம், நாங்கள் கேட்க முடியாது என்று பதில் வந்தது. உள்ளூராட்சியும் அந்த மிருக வைத்திய அலுவலகங்களும் ஒரே மத்திய மாகாண சபைக்குக் கீழேதான் இருக்கின்றன. அந்தச் சபை இருக்கும் பல்லேகலைக்கு இரண்டு கடிதமாக அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, ஓய்வூதியப் படிவத்தை நிரப்புங்கள் அண்ணன் என்றார்கள்.