உடலின் மனனமும் தட்டம்மையும்



ஹிஃப்ழு வகுப்பில் பல ஆண்டுகள் அமர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. பத்து ஜுஸ்உக்களைத் தடையின்றி ஒப்புவித்த மாணவன், நீண்ட விடுமுறை கழிந்து வந்ததும் நான்காம் ஜுஸ்உவின் நடுவில் நின்றுவிடுவான். மனனம் செய்த குர்ஆன், கயிறு அவிழ்ந்த ஒட்டகத்தைவிட விரைவாக விலகிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அப்போது அவனுக்கு நினைவூட்டுவோம்.

உடலுக்கும் இத்தகைய மனனம் உண்டு. அதை அழிக்கும் நோய் ஒன்றும் உண்டு. இதை நாம் தாமதமாகவே அறிந்தோம். அந்தத் தாமதத்தின் சுமை ஒரு சிறுவன் மீது விழுந்ததால்தான் இதை எழுதுகிறோம்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தைகள் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை அனைவருக்கும் ஊசி என்றார்கள். அதே வாரத்தில், அந்த ஊசி பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற குரல்பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் வீடு வீடாக வந்துசேர்ந்தது. மஃரிப் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், பையனுக்குப் போடலாமா?”

“சந்தேகமாகச் சொல்கிறார்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே” என்றோம். பேணுதல் என்று எண்ணித்தான் சொன்னோம். ஆனால் பதிவைப் பேசியவர் யார் என்று நாம் விசாரிக்கவில்லை. ஒரு மருத்துவரையும் கேட்கவில்லை. நாம் பேச்சுவாக்கில் சொன்னதை அவர் மார்க்கத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்.

மறு ஆண்டு அந்தச் சிறுவனுக்குத் தட்டம்மை கண்டது. தலைமாட்டில் வேப்பிலை வைத்தார்கள்; பத்து நாட்களில் தேறினான். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். அதன்பின்தான் தொல்லை தொடங்கியது. காதில் சீழ், ஓயாத இருமல், இருமுறை நுரையீரல் அழற்சி. ஏழு ஜுஸ்உ முடித்திருந்தவன் அந்த ஆண்டு முழுவதும் வகுப்புக்கு வந்த நாட்கள் சொற்பம்.

சில காலம் கழித்து, நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் பணியாற்றிய ரிக் டி ஸ்வார்ட் என்ற வைரஸ் ஆய்வாளரைப் பற்றிப் படித்தோம். அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பொருள் தட்டம்மை. நம் இரத்தத்தில் நினைவு அணுக்கள் என்று ஒரு வகை வெள்ளையணுக்கள் உள்ளன. ஒருமுறை வந்த கிருமியை அவை அடையாளம் வைத்திருந்து, மறுமுறை வந்தால் உடனே எதிர்க்கும். தட்டம்மை வைரஸ் பற்றிக்கொண்டு நுழைவதற்கான மூலக்கூறு அந்த நினைவு அணுக்களின் மேற்பரப்பில் மிகுதியாக இருக்கிறது. ஒளிரும் புரதம் சேர்த்த வைரஸைக் குரங்குகளுக்குச் செலுத்தி, அது எங்கெங்கே செல்கிறது என்று அவரும் உடன் ஆய்வாளர்களும் தொடர்ந்தபோது, பாதிக்கப்பட்டவற்றுள் நினைவு அணுக்களே மிகுதியாக இருந்தன.

உடல் அந்த வைரஸை எதிர்க்கும்போது, அது குடிபுகுந்த நினைவு அணுக்களும் சேர்ந்தே அழிகின்றன. சில நாட்களில் இரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் புதிதாக வந்தவற்றுள் பெரும்பாலானவை தட்டம்மையை மட்டும் அறிந்தவை. வகுப்பறை நிறைந்திருக்கிறது, பழைய பாடம் தெரிந்த மாணவரைத்தான் காணோம். ஒருமுறை வந்தவருக்குத் தட்டம்மை ஆயுளுக்கும் திரும்ப வராமலிருப்பதும், மற்ற நோய்கள் அவரை எளிதில் பற்றுவதும் இதனாலேயே.

2013-இல் நெதர்லாந்தில் தட்டம்மை பரவியபோது பதிவான நோயாளிகள் சுமார் 2,700 பேர். அவர்களுள் பெரும்பாலோர், இறைநம்பிக்கையின் பெயரால் தடுப்பூசியை மறுக்கும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவக் குடும்பங்களின் பிள்ளைகள். ஊசி வேண்டாம் என்ற அதே பெற்றோர், ஆய்வுக்காகப் பிள்ளைகளின் இரத்தத்தைத் தர இசைந்தார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. நாம் சொன்னதும் ஏறக்குறைய அவர்களுடைய சொல்தான். அவ்வாறு பெறப்பட்ட 77 பிள்ளைகளின் இரத்தத்தை, நோய்க்கு முன் ஒருமுறையும் நோய்க்குப் பின் இரண்டு மாதம் கழித்து ஒருமுறையும் அமெரிக்காவின் மைக்கேல் மினா, ஸ்டீபன் எலெட்ஜ் குழுவினர் ஒப்பிட்டார்கள். பல்வேறு கிருமிகளுக்கு எதிராக இருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை மறைந்துபோயிருந்தன. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் அத்தகைய இழப்பு இல்லை. 2019-இல் இது வெளியானது.

ஊசியில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் சேர்ந்துள்ளதா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். இந்தியாவிலிருந்து சென்ற தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி பற்றி இந்தோனேசிய உலமா சபை 2018-இல் தீர்ப்பளித்தது. தயாரிப்பில் பன்றிப்பொருள் பயன்படுவதால் அது ஹராமே என்றும், ஹலாலான மாற்று கிடைக்காத நிலையில், நோயின் ஆபத்தை முன்னிட்டு நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் போட அனுமதி உண்டு என்றும் கூறியது. அவர்கள் நிபுணர்களை அழைத்து விசாரித்த பிறகே தீர்ப்பளித்தார்கள். நாமோ கேட்டவுடன் பதில் சொன்னோம். பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூல் எழுதிய அர்-ராஸீயின் பெயரை மேடைதோறும் பெருமையாகச் சொல்பவர்கள் நாம்!

அந்தச் சிறுவனின் ஒவ்வொரு நோய்க்கும் தட்டம்மைதான் காரணம் என்று சொல்ல நாம் மருத்துவரல்லர். எனினும் படித்த இரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று, அன்று சொன்னது தவறு என்று சொன்னோம். “விடுங்க ஹஜ்ரத், அல்லாஹ் நாடினது” என்றார். அவர் அதைச் சொல்லலாம். அதே சொல்லை நாம் சொல்லியிருந்தால் அது தப்பித்தலாகியிருக்கும்.

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. கைக்குழந்தைக்கு ஒன்பதாம் மாதம். வரும் புதன்கிழமை ஊசியாம். “நீங்களும் வாங்களேன்” என்றார் அவர்.

சென்றோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். தங்கையின் தடுப்பூசி அட்டையைப் பிடித்தபடி நின்ற சிறுவனிடம், வரிசை நகரும்வரை பழைய பாடத்தை ஒப்புவிக்கச் சொன்னோம். இரண்டு இடங்களில் தடுமாறினான், எடுத்துக் கொடுத்தோம்.