எந்த ஊரு நீங்க?

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால், வீடு வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டது என்பார்கள். டோல்கேட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு மூன்று முறை இது நடந்திருக்கிறது. பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு சேரியிலிருந்து எங்கள் குடும்பம் கிளம்பி வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எந்த ஊரு?

எங்கள் வீட்டில் இடம்பெயர்ந்த கதை என்றால் அது தாத்தாவின் கதைதான். ஆண்டையிடம் சொல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியது, துறைமுகத்தில் மூட்டை தூக்கியது, சங்கத்தில் சேர்ந்தது, 1983-இல் கன்டெய்னர் முனையம் வந்தபின் மூட்டை வேலை கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனது. இதையெல்லாம் கேட்டுத்தான் நான் அரசியலுக்கு வந்தேன். ஆயாவின் கதையை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டபோது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. “நான் எங்கடி வந்தேன், இட்டாந்தாங்க” என்றார்.

பதினைந்து வயதில் கல்யாணம் முடிந்து கூட்டிவரப்பட்டவர். தாத்தாவுக்கு இந்த நகரம் கூலி கொடுத்தது, சங்கம் கொடுத்தது, டீக்கடையில் எல்லோருக்கும் வரும் அதே கிளாஸைக் கொடுத்தது. ஆயாவுக்குத் தண்ணீர்க் குடமும், காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலையும். உரித்து உரித்து விரல் நுனித் தோல் வெந்து போயிருக்கும், சோற்றில் கை வைத்தால் எரியும். கடைசிவரை “எங்க ஊர்ல” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அந்த ஊர், தன் தெருவில் அவரைச் செருப்புப் போட்டு நடக்க விட்டதில்லை. ஆனாலும் அங்கே அவருக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் போற்றியவர்களை நேருக்கு நேர் மறுத்தார். கிராமத்தை விட்டு வெளியேறு என்பது நமக்குப் பழகிய பாடம். எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வெளியேறியவர் ஆணா பெண்ணா, எந்த வயதில் வெளியேறினார் என்று நாம் கேட்பதே இல்லை.

என்னைக் கேட்க வைத்தது, எங்கள் சந்தின் கடைசி வீட்டுக்கு எட்டு வருடம் முன்பு வந்த பீகார் குடும்பம். அண்ணனுக்கு அப்போது பதினாறு, தங்கைக்கு ஒன்பது. அண்ணன் வந்த மூன்றாம் நாளே கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய தமிழ் யார்டுத் தமிழ்: தூக்கு, இறக்கு, கெட்ட வார்த்தை. தங்கை மாநகராட்சிப் பள்ளிக்குப் போனாள். இப்போது என்னைவிட வேகமாக மெட்ராஸ் பாஷை பேசுகிறாள். ஒரே ரயிலில் வந்தவர்கள்தான். அம்மாவுக்கு இன்றைக்கும் காய்கறிப் பேரும் எண்ணும் மட்டும்தான் தமிழில் தெரியும். ஒருமுறை ஆஸ்பத்திரியில், அம்மாவுக்கு எத்தனை நாளாக ரத்தம் போகிறது, கடைசியாக அப்பாவோடு எப்போது சேர்ந்திருந்தார் என்பதையெல்லாம் அந்தப் பெண்தான் டாக்டருக்கு மொழிபெயர்த்திருக்கிறாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சந்துப் பையன்கள் அவர்களை ‘வடக்கன்’ என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு ஏப்ரல் 14 அன்று பாபாசாகேப் படத்துக்கு நாங்கள் மாலை போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்து நின்றாள். “அக்கா, எங்க ஊர் வீட்லயும் இவரு போட்டோ இருக்கு.” அவர்கள் துசாத். பீகாரில் பட்டியல் சாதி. வந்த நாளிலிருந்து பெயருக்குப் பின்னால் இருந்த பாஸ்வானை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். எந்த ஊரு என்ற கேள்வி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இந்த வருடம் அவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கல்லூரி விண்ணப்பத்தில் சாதிப் பத்தி வந்ததும் என்னிடம் வந்தாள்.

படிக்கிற தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியல் சாதி என்பது மாநிலவாரியாக அறிவிக்கப்படுவது. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990-இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-இல் பீர் சிங் வழக்கிலும் மாநில வேலைவாய்ப்புக்கு அதையே உறுதி செய்தது. ஆகவே தமிழ்நாட்டின் 18 சதவீதத்தில் அவளுக்கு இடமில்லை. சாதி ரயிலேறி வந்துவிட்டது, சான்றிதழ் வரவில்லை. சென்னையில் துப்புரவு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட தெலுங்கு பேசும் நம் மக்கள் ‘ஆதி ஆந்திரர்’ என்று நம் பட்டியலிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வந்தபோது அதுவும் மெட்ராஸ் மாகாணம்தான், எல்லைக்கோடு பிறகு வந்தது. இந்தப் பெண் கோட்டைத் தாண்டி வந்தவள். வித்தியாசம் அவ்வளவுதான்.

முழுக்கக் கதவு அடைத்துவிடவில்லை. அப்பாவுக்குச் சொந்த மாநிலத்தில் கொடுத்த சாதிச் சான்றிதழைக் காட்டினால் பிள்ளைக்கு இங்கேயே சான்றிதழ் வாங்க மத்திய அரசின் வழிகாட்டுதல் 1982-இலிருந்தே இருக்கிறது. அது மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் வேலைகளுக்கும் செல்லும். அதற்காக ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். “அப்பா எங்க?” என்பதுதான் முதல் கேள்வி. அப்பா மூன்று வருடம் முன்பு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று பேச்சு. அம்மாவும் அதே சாதிதான், பக்கத்தில்தான் நிற்கிறார். அவருக்குச் சான்றிதழ் என்று ஒன்று எடுத்ததே இல்லை. பள்ளிக்கே போகாதவருக்கு, கூலி வேலைக்கே வந்தவருக்கு யார் எடுப்பார்கள்? இட்டாந்தாங்க, வந்தார்.

இப்போது யாராவது கயா மாவட்டத்துக்குப் போய் அப்பாவின் காகிதத்தை வாங்கி வர வேண்டும், கிடைக்காவிட்டால் அம்மா பெயரிலேயே ஒன்று எடுக்க வேண்டும். அண்ணன் போனால் யார்டில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பெண்ணை அனுப்ப அம்மாவுக்குப் பயம், போன இடத்தில் கல்யாணம் பேசிவிடுவார்களாம். மூன்று நாள் வீட்டில் சண்டை. நான்காம் நாள் அம்மா என் வாசலுக்கு வந்து நின்றார். எட்டு வருடத்தில் என்னிடம் நேராகப் பேசியதில்லை. “நான் போறேன். தனியா,” என்றார், தமிழில்.

டிக்கெட் நான்தான் போட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் 41.